ஓர் எழுத்தும் ஒரு மலையும்

'மா வீழ்ந்தது' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, வீழ்ந்தது யாது என முதலாண்டு மாணவரை வினவுவது எம் வழக்கம். மரம் என்பார் சிலர். குதிரை என்பார் சிலர். 'மா பூத்தது' எனில் ஐயமில்லை, பூப்பது மரமே. 'மா கனைத்தது' என்றாலும் ஐயமில்லை. வீழ்தலோ இரண்டுக்கும் பொது. வினையைக் கொண்டு பொருளைத் தெளிய வழியில்லை. இவ்வாறு வினையால் வேறுபடாத பலபொருள் ஒருசொல்லை ஆளுங்கால், இன்னதென்று கிளந்து சொல்லுதல் வேண்டும் என்பது தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் வகுத்த நெறி. தேர்வில் ஐந்து மதிப்பெண் பெற்றுத்தரும் விதி என்பதற்கு மேல் மாணவர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. வகுப்பறையில் எந்த மா வீழ்ந்தாலும் யாருக்கும் இழப்பில்லை அன்றோ!

இவ்விதிக்கு விமானியின் அறையில் என்ன வேலை என்று கேட்கலாம். எமக்கும் அது தெரியாமல்தான் இருந்தது, எம் தங்கையின் மகன் ஒரு மாத காலம் எம் இல்லத்து மாடியறையில் வந்து தங்கும்வரை.

அவன் விமானியாகப் பயின்றவன். போயிங் 737 வகை விமானத்தை ஓட்டும் தகுதி பெறுவதற்காக வடநாட்டு நகரொன்றுக்குப் பயிற்சிக்குச் செல்லவிருந்தான். வந்த அன்றே மாடியறைச் சுவரில் பெரிய வண்ணத்தாள்கள் சிலவற்றை ஒட்டினான். விமானி அறையின் பலகைகள் அனைத்தும், விசை, விளக்கு, திரை, எழுத்துப் பொத்தான் என ஒன்றுவிடாமல் அச்சிடப்பட்ட தாள்கள் அவை. உண்மை விமானத்தைப் போலவே அசைந்தாடும் சிமுலேட்டர் என்னும் பயிற்சிப் பொறியில் ஒரு மணி நேரம் அமர்வதற்கு ஆகும் செலவு பெரிது. ஆதலால் கை எங்கே போக வேண்டும், கண் எங்கே நிற்க வேண்டும், வாய் என்ன சொல்ல வேண்டும் என்பனவற்றையெல்லாம் தாளின் முன் அமர்ந்தே பழகிவிடுவது விமானியர் வழக்கமாம். சுவரின் முன் இரண்டு நாற்காலிகள் போட்டான். வலப்பக்கம் துணை விமானி, அது அவனுக்கு. இடப்பக்கம் தலைமை விமானி. அவ்விடம் எமக்கு வாய்த்தது!

"மாமா, நீங்க ஒண்ணும் ஓட்ட வேணாம். நான் சொல்லச் சொல்ல இந்தத் தாளைப் படிச்சுச் சரிபாருங்க, போதும்" என்றான்.

முதல்நாள் மாலை தேநீர் கொண்டுவந்த எம் தங்கை, சுவரில் இருந்த நூற்றுக்கணக்கான பொத்தான்களைக் கண்டு திகைத்து நின்றாள். மகன் விண்ணில் பறப்பதை அவள் உள்ளம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. "காக்கா, இந்த மெஷின் இவனுக்கு வழி சொல்லுமா, இல்லை இவன்தான் அதுக்கு வழி சொல்லணுமா?" என்று கேட்டாள். தாய்க்கே உரிய கேள்வி. யாம் அன்று சிரித்து மழுப்பினோம். விமானம் தானே பறக்கிறது, தானே இறங்குகிறது, விமானி பொழுதுபோக்காக அமர்ந்திருக்கிறார் என்று நம் பெரியவர்கள் பலர் திண்ணையில் பேசிக்கொள்வதும் உண்டு. டெல்லியின் பனிமூட்ட நாட்களில் தானோட்டியே விமானத்தைத் தரையிறக்கும் ஏற்பாடு உண்டென்பது மெய்தான். ஆயினும் பெரும்பாலான தரையிறக்கங்களில் இறுதிக் கட்டத்தை விமானியின் கைகளே நிறைவேற்றுகின்றன. அதற்கு முந்திய அரை மணி நேரத்தில் நடப்பதுதான் நாம் அறியாதது.

மேகத்தினூடே கண்ணுக்கு ஒன்றும் புலப்படாத நிலையில் ஒரு விமானம் ஓடுதளத்தை நாடி வருவதற்கு இரு கட்டங்கள் உள்ளன. நெடுவழியிலிருந்து பிரிந்து விமான நிலையத்தின் அண்மைக்கு வருவது வருகை வழி. அங்கிருந்து ஓடுதளத்தின் நேர்க்கோட்டில் அமைந்து இறங்குவது அணுகல். இரண்டும் முன்னரே வரையறுக்கப்பட்டவை. இந்தப் புள்ளியை இந்த உயரத்திற்குக் குறையாமல், இந்த வேகத்திற்கு மிகாமல் கடக்க வேண்டும் என்று வரைபடத்தில் அச்சிடப்பட்டிருக்கும். வானில் உள்ள அப்புள்ளிகளுக்குப் பெரும்பாலும் ஐந்தெழுத்துப் பெயர்கள். பொருள் இருக்க வேண்டும் என்பதில்லை. வாயால் உச்சரிக்க வந்தால் போதும். பெயரிடுவதைப் பெருங்கலையாகக் கொண்ட எமக்கு இது சற்று வருத்தமளித்தது என்பதை மறைப்பானேன்!

இவ்வழிகள் யாவும் விமானத்தின் பறப்பு மேலாண்மைக் கணினியில் சேமிக்கப்பட்டுள்ளன. 28 நாட்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது. நம் நிகண்டுகளும் அகராதிகளும் தலைமுறைக்கு ஒருமுறை திருத்தம் பெறுவதே அரிது. இந்த அகராதி மாதந்தோறும் திருத்தப்படுகிறது. விமானி தம் முழங்காலருகே உள்ள சிறு விசைப்பலகையில் வழியின் பெயரைத் தேர்ந்தவுடன், திரையில் வெண்ணிறத்தில் துண்டு துண்டான கோடு ஒன்று தோன்றும். அது வெறும் கருத்துரு. 'நிறைவேற்று' எனப் பொருள்படும் பொத்தானை அழுத்தியதும் அக்கோடு இளஞ்செந்நீல நிறம் பெற்று முழுமையாகிவிடும். அதன்பின் தானோட்டி அக்கோட்டைப் பிடித்துக்கொண்டு செல்லும். வெண்கோட்டிற்கும் வண்ணக்கோட்டிற்கும் இடையில் ஒரு விரல் அழுத்தமே தொலைவு.

இறங்குவதற்கு ஒரு மனக்கணக்கும் உண்டு. ஆயிரம் அடி உயரத்தைக் குறைக்க ஏறத்தாழ மூன்று கடல் மைல் தேவை. 30,000 அடியில் வரும் விமானம் 90 கடல் மைலுக்கு முன்பே இறங்கத் தொடங்க வேண்டும். மேற்கிலிருந்து சென்னைக்கு வருவதாயின், வேலூரைத் தாண்டுமுன்னரே இறக்கம் தொடங்கிவிடுகிறது. கணினி இக்கணக்கைத் தானே போடும். ஆயினும் மருமகன் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுக் கணக்கிட்டான். "அது போட்ட கணக்கு சரியான்னு எனக்குத் தெரியணும்ல" என்பது அவன் விடை.

இறுதி அணுகலில் உதவுவது ஐ.எல்.எஸ். என்னும் வானொலி ஏற்பாடு. ஓடுதளத்தின் மறுகோடியிலுள்ள அலைபரப்பி இரண்டு ஒலியதிர்வுகளைச் சுமந்த அலைகளை அனுப்புகிறது. இடப்புறம் விநாடிக்கு 90 அதிர்வு மிகுதி. வலப்புறம் 150 மிகுதி. இரண்டும் சமமாயின் விமானம் நடுக்கோட்டில் இருக்கிறது. மேலும் கீழுமாக இதே முறையில் மற்றோர் அலைபரப்பி ஏறத்தாழ மூன்று பாகைச் சரிவைக் காட்டுகிறது. கருவி செய்வதெல்லாம் இரண்டையும் ஒப்பிட்டு ஊசியை அசைப்பதே. எந்த நிலையத்தின் அலை இது என்பதை ஊசி சொல்லாது. அதற்காகவே ஒவ்வொரு நிலையமும் தன் பெயரெழுத்துக்களை மோர்ஸ் குறிப்பில் ஒலித்துக்கொண்டிருக்கும். அவ்வெழுத்துக்களைச் செவியால் கேட்டோ, கருவி படித்துக் காட்டுவதைக் கண்டோ உறுதிசெய்துகொண்ட பின்னரே ஊசியை நம்ப வேண்டும் என்பது பழைய பாடம்.

எம்மை மிகவும் கவர்ந்தது மற்றொரு பழக்கம். தானோட்டிக்கு ஆணையிடும் பொத்தானை அழுத்தியதும் பொத்தானைப் பார்க்கக் கூடாதாம். திரையின் மேல்விளிம்பில் சிறு எழுத்துக்கள் தோன்றும் இடமொன்று உண்டு. அதனைப் பார்த்து, அங்கே இருப்பதை உரக்கப் படிக்க வேண்டும். வெள்ளையில் இருந்தால் இயந்திரம் காத்திருக்கிறது, பச்சையானால் ஏற்றுக்கொண்டது. பொத்தானை அழுத்துவது விண்ணப்பம். இசைவு மேலே எழுத்தில் வர வேண்டும். தாளில் எந்த எழுத்தும் மாறாது. ஆகவே மாறியதாக எண்ணிக்கொண்டு அவன் வாசிப்பான், யாமும் வாசிப்போம். வாசிப்பே தொழிலாகக் கொண்ட எமக்கு இதில் தனி மகிழ்ச்சி.

ஒருநாள் மாலை, வழியில் ஒரு புள்ளியின் பெயரைச் சேர்க்கும் பயிற்சியின்போது, விரலைப் பொத்தானின் மேல் நிறுத்திவிட்டு, "இந்த இடத்துலதான் மாமா காலி விமானம் போச்சு" என்றான். காலி என்பதே நமக்குப் பலபொருள் ஒருசொல். இலங்கையின் தென்கரையில் ஒரு காலி உண்டு. அவன் சொன்னது தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டிலுள்ள காலி.

1995 டிசம்பர் 20 இரவு. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் போயிங் 757 ஒன்று மயாமியிலிருந்து 163 பேருடன் காலிக்கு வந்துகொண்டிருந்தது. புறப்படுகையிலேயே ஏறத்தாழ இரண்டு மணி நேரத் தாமதம். காலி நகரம் வடக்குத் தெற்காக நீண்ட பள்ளத்தாக்கில் உள்ளது. இருமருங்கும் உயர்ந்த மலைத்தொடர்கள். விமானம் வடக்கிலிருந்து வந்து, நிலையத்தைக் கடந்துசென்று திரும்பித் தெற்கிலிருந்து ஐ.எல்.எஸ். துணையுடன் இறங்குவதாகத் திட்டம். காற்று அமைதியாக இருந்தமையால், வடக்கிலிருந்தே நேராக இறங்கலாமே என்று கட்டுப்பாட்டாளர் கேட்டார். சில நிமிடம் மிச்சமாகும். விமானிகள் இசைந்தனர். இசைந்த நொடியிலிருந்து அவர்களுக்கு நேரமில்லாமற் போயிற்று. உயரத்தை விரைந்து குறைக்க வேண்டும். புதிய வரைபடத்தை எடுக்க வேண்டும். கணினிக்குப் புதிய வழியைச் சொல்ல வேண்டும். இறகின்மேல் எழுந்து வேகத்தைத் தணிக்கும் தடைப்பலகைகளை உயர்த்தினர். தரையிலிருந்து பார்த்து எச்சரிக்க ராடாரும் இல்லை. கிளர்ச்சியாளர் அதனை முன்னரே அழித்திருந்தனர்.

முதலில் ஒரு சொல் கூடிற்று. காலி வானொலி நிலையம் வரை அனுமதி, டுலுவாவைக் கடக்கையில் அறிவிக்க, என்றார் கட்டுப்பாட்டாளர். தலைமை விமானி அதனைத் திருப்பிச் சொல்கையில் 'நேராக' என்னும் சொல்லைச் சேர்த்துச் சொன்னார். மறுமுனையில் ஆம் என்ற விடை வந்தது. காலிக்கு நேராக என்று கணினிக்குச் சொன்னவுடன், இடையிலிருந்த டுலுவா உள்ளிட்ட புள்ளிகள் திரையிலிருந்து மறைந்தன. பின்னர் டுலுவா எங்கே என்று அவர்கள் தேடிக்கொண்டிருக்கையில் விமானம் அதனைக் கடந்துவிட்டிருந்தது.

அடுத்து ஓர் எழுத்து வந்தது. ஓடுதளத்திற்கு அண்மையில் ரோசோ என்னும் வானொலி நிலையம் உண்டு. வரைபடத்தில் அதன் குறியெழுத்து 'ஆர்'. அவ்வெழுத்தைக் கணினியில் பதித்தனர். அதே நாட்டின் தலைநகரான பொகோட்டாவுக்கு அருகே ரோமியோ என்று மற்றொரு நிலையம் உண்டு. அதன் குறியெழுத்தும் 'ஆர்'. ஒரே எழுத்துக்கு இருவர் உரிமை கொண்டாடியதால், கணினியின் அகராதியைத் தொகுத்தோர் அவ்வெழுத்தை ரோமியோவுக்கு அளித்துவிட்டு, ரோசோவை முழுப்பெயரால் மட்டுமே அழைக்கும்படி வைத்திருந்தனர். வரைபடத்தில் அவ்வாறு இல்லை. 'ஆர்' என்று கேட்டபோது கணினி காட்டிய பட்டியலின் தலையில் நின்றது 132 கடல் மைலுக்கு அப்பாலிருந்த ரோமியோ. அதனைத் தேர்ந்தனர், நிறைவேற்றும் பொத்தானையும் அழுத்தினர்.

விமானம் கீழ்ப்படிந்தது. இருளில், இறங்கியவாறே, இடப்பக்கம் கிழக்கு நோக்கித் திரும்பிப் பள்ளத்தாக்கை விட்டு மலையை நாடிச் சென்றது. சற்றுநேரம் கழித்தே திசை மாறியதை உணர்ந்து வலப்பக்கம் திருப்பினர். ஆனால் இடையில் ஒரு மலை வந்துவிட்டிருந்தது. நிலம் நெருங்குகிறது என்ற எச்சரிக்கை ஒலித்தபின் இருந்தது பன்னிரண்டு பதின்மூன்று நொடிகளே. முழு விசையுடன் மேலெழுப்பினர். தடைப்பலகைகள் மட்டும் உயர்ந்தபடியே இருந்துவிட்டன. பூகா என்னும் ஊருக்கருகே, ஏறத்தாழ 8,900 அடி உயரத்தில் மோதிற்று. 159 பேர் மாண்டனர். பிழைத்தவர் நால்வர். இடிபாடுகளிடையே கண்டெடுத்த கணினியின் நினைவகத்தைப் படித்தபோது, அந்த 'ஆர்' காட்டிய வழி அதில் அப்படியே இருந்தது.

அன்றிரவு எமக்கு உறக்கம் கொள்ளவில்லை. நன்னூலார் ஓரெழுத்தொருமொழி நாற்பத்திரண்டு என்று எண்ணிச் சொன்னார். அவற்றைப் பல்லாண்டுகளாக வாய்பாடாக ஒப்பிக்கச் செய்தவர் யாம். ஓரெழுத்து ஒரு சொல்லாக நின்று, அச்சொல் இரண்டு பொருளைத் தந்து, கேட்கும் பொறி எது என்று திருப்பிக் கேளாமல் ஒன்றை எடுத்துக்கொண்டு நடந்தால் என்னவாகும் என்பதற்கு இத்தனை கொடிய எடுத்துக்காட்டு ஒன்று உலகில் இருக்கும் என்று எண்ணியதில்லை. மனிதரிடம் 'மா வீழ்ந்தது' என்றால் எந்த மா என்று முகம் பார்த்துக் கேட்பார். பொறிக்கு முகமில்லை.

மனிதரும் சில வேளை கேட்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த விமானிகளின் வேண்டுகோள்கள் பொருந்திவரவில்லை என்று கட்டுப்பாட்டாளருக்கே அன்று தோன்றியதாம். அவர்கள் ஸ்பானிய மொழி பேசுவோராக இருந்திருந்தால் அதனை எடுத்துச் சொல்லியிருப்பேன் என்று பின்னர் ஆய்வாளரிடம் கூறியிருக்கிறார். வழக்கமான வான்வழித் தொடர்களுக்கு அப்பால் ஐயத்தை எடுத்துரைக்கும் அளவு அவரது ஆங்கிலம் இடங்கொடுக்கவில்லை. வேற்றுமொழி கற்பது வேலைக்கு மட்டுமே என்று நினைக்கும் எம் மாணவருக்கு இதனைத் தனியே ஒரு வகுப்பில் சொல்ல வேண்டும் என்று குறித்து வைத்துள்ளோம். ஐயத்தைச் சொல்லத் தெரிவதே ஒரு மொழியில் இறுதியாக வாய்க்கும் திறன் போலும்.

எழுத்தால் நேர்ந்தது இது. எண்ணாலும் ஒன்று நேர்ந்திருக்கிறது. 1992 ஜனவரி 20 அன்று ஏர் இன்டர் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 ஒன்று பிரான்சு நாட்டின் லியோனிலிருந்து ஸ்டிராஸ்பூருக்கு இறங்குகையில் மலையில் மோதி, 96 பேரில் 87 பேர் இறந்தனர். இறக்கத்தைக் குறிக்க அதில் ஒரே குமிழ், இரண்டு முறைகள். ஒரு முறையில் சரிவைப் பாகையாகக் கொள்ளும். மற்றதில் நிமிடத்திற்கு எத்தனை அடி என்று கொள்ளும். 3.3 பாகை என்று கருதி விமானி வைத்த எண்ணைப் பொறி 33 என்று கொண்டு, நிமிடத்திற்கு 3,300 அடி வீதம் இறக்கியிருக்கக்கூடும் என்பது ஆய்வாளர் பெரிதும் ஏற்ற விளக்கம். 3.3 பாகை எனில் அவ்வேகத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 800 அடிதான் இறங்க வேண்டும். 'மா' என்பது நம் கணக்கில் இருபதில் ஒரு பங்கு. நில அளவையும் அதுவே. மரமும் விலங்கும் அதுவே. அலகைச் சொல்லாத எண்ணும் அவ்வாறே மயங்கும். அதன்பின் அத்திரையில் அடிக்கணக்கை நான்கு இலக்கமாகக் காட்டும்படி மாற்றினர். 33 என்பது 3300 ஆயிற்று. இரண்டு சுழியங்கள்!

காலிக்குப் பின்னும் மாற்றங்கள் வந்தன. பழைய எச்சரிக்கைக் கருவி நேர் கீழே மட்டும் பார்த்தது. முன்னே செங்குத்தாக எழும் மலை அதற்குக் கடைசி நொடியில்தான் தெரியும். டான் பேட்மன் என்னும் பொறியாளரும் அவர் குழுவினரும் உலகின் நிலமேடுகளையெல்லாம் கருவிக்குள் வரைபடமாக ஏற்றி, விமானம் இருக்குமிடத்தோடு ஒப்பிட்டு, ஏறத்தாழ ஒரு நிமிடம் முன்னதாகவே உரைக்கச் செய்தனர். 2000ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இதனை விதியாக்கிற்று. இன்று பயணியர் விமானங்களில் இது பொதுவாகிவிட்டது. அதே அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பயிற்சிக்கூடத்தில் 1997இல் கேப்டன் வாரன் வாண்டர்பர்க் ஆற்றிய விரிவுரை ஒன்று விமானியரிடையே புகழ் பெற்றது. வண்ணக்கோட்டின் பிள்ளைகளாகிவிட்டோம் என்று தம் இனத்தாரை அவர் கடிந்துகொண்டார். குழப்பம் வந்தால் மேலும் பொத்தான்களை அழுத்தாமல் ஒரு படி கீழிறங்கி, எளிய முறைக்கு, தேவையெனில் கைக்கே, விமானத்தைக் கொண்டுவரச் சொன்னார்.

குற்றம் எவருடையது என்பதில் எமக்கும் மருமகனுக்கும் பலநாள் வாதம் நிகழ்ந்தது. அழுத்துமுன் பார்க்க வேண்டியது விமானியின் கடமை, அதற்குமேல் பேச்சில்லை என்றான் அவன். அத்தொழிலில் இருப்பவன் அவ்வாறு சொல்வதே அழகு. ஆயினும் அகராதி பார்த்துப் பழகிய எமக்கு மனம் ஒப்பவில்லை. வரைபடம் ஒரு பெயரைச் சொல்ல, கணினி அதே பெயரை வேறொருவருக்கு வைத்திருக்க, நடுவில் நிற்பவன் மட்டும் எப்படிப் பிழைகாரனாவான்? தலைச்சொல்லை இடம்மாற்றி வைத்த தொகுப்பாளனுக்கும் பங்கில்லையா? 2000ஆம் ஆண்டில் மயாமி நகர நீதிமன்ற நடுவர் குழு பொறுப்பை மூன்றாகப் பகுத்தது என்பதைப் பின்னர் அறிந்தோம். விமான நிறுவனத்திற்கு 75 விழுக்காடு. வழித்தரவுகளைத் தொகுத்த ஜெப்பசன் நிறுவனத்திற்கு 17. கணினியைச் செய்த ஹனிவெல் நிறுவனத்திற்கு 8. நிகண்டு செய்தவருக்கும் தண்டனை உண்டு என்று அவனிடம் சொல்லி மகிழ்ந்தோம். அந்த 75ஐ அவன் சுட்டிக்காட்டினான்.

இப்போது அவன் துணை விமானியாகப் பணியாற்றுகிறான். வழியில் ஒரு பெயரைப் புதிதாகச் சேர்க்க நேர்ந்தால் நடப்பதைக் கேட்டறிந்தோம். ஒருவர் பதிக்கிறார். ஒரே பெயரில் பல புள்ளிகள் இருந்தால் அகலாங்கு நெட்டாங்குடன் பட்டியல் வருகிறது. அதனை வரைபடத்தோடு ஒப்பிடுகிறார். வெண்கோடு எத்திசையில் ஓடுகிறது, எத்தனை மைல் என்று மற்றவர் பார்த்து வாய்விட்டுச் சொல்கிறார். இருவரும் ஒத்தபின் விரல் பொத்தானுக்குப் போகிறது. இதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டோம். ஐந்தாறு நொடி ஆகும் மாமா என்றான்.